உயிரணுவின் வாயிலை அறிதல்

சுந்தரபாண்டியபுரத்து வயல்களிற் சூரியகாந்தி மலர்ந்திருத்தலை மஞ்சள் நிறத்தால் தொலைவிலிருந்தே அறிகின்றோம். உயிரணுவின் மேற்புறத்துள்ள ஏற்பிகளுக்கோ அத்தகைய நிறமில்லை; அதனை நாமே ஊட்டல் வேண்டும்.

சி.சி.ஆர்.5 என்பது, வெள்ளணுக்களை அழற்சியுற்ற இடத்திற்கு அழைக்கும் கீமோகைன்களின் ஏற்பிகளுள் ஒன்று. எச்.ஐ.வி. நுண்மம் சிடி4 என்னும் புரதத்தோடு இதனையும் பற்றியே அணுவினுட் புகுகின்றதென 1996இல் அறியப்பட்டது. நம் நாட்டில் அந்நுண்மத்தின் தொற்றை 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோர் முதன்முதற் கண்டபொழுது, குருதியிலிருந்த எதிர்ப்பொருளே தேடப்பட்டது. ஈண்டோ எதிர்ப்பொருளே தேடுங் கருவியாகின்றது.

ஒளிருஞ் சாயம் பிணைத்த எதிர்ப்பொருளை உயிருள்ள அணுக்களோடு குளிர்நிலையிற் சேர்த்துக் கழுவி, லேசர் ஒளியினூடே செலுத்தின், ஏற்பியுடைய அணுக்கள் ஒளிரும். ஏற்பி உள்ளிழுக்கப்படாதவாறு காப்பது அக்குளிர்ச்சியே.

ஆயினும் மஞ்சளெல்லாம் சூரியகாந்தி அன்று. எதிர்ப்பொருள் பிற இடங்களிலும் ஒட்டக்கூடும். ஆதலின், அதே வகையினதாய், இவ்வேற்பியைப் பற்றாத வேறோர் எதிர்ப்பொருளையும் உடன்வைத்துச் சோதித்தல் இன்றியமையாதது. இன்னுமொரு சோதனையும் உண்டு. இந்த ஏற்பியின் மரபணுவில் 32 இணைகள் குறைந்த படியைத் தாய் தந்தை இருவர்வழியும் பெற்ற மக்களின் அணுக்களில் இவ்வேற்பி மேற்புறத்தில் தோன்றுவதில்லை. அங்கும் ஒளி காணின் அது பொய்யொளியே.

மாணாக்கர்காள், ஒப்புநோக்காது கண்ட ஒளியைச் சான்றெனக் கொள்ளற்க.