விளக்கு எரிகிறது, முன்சக்கரம் இழுக்கவில்லை!

கேள்வி: கொல்லிமலையிலிருந்து பழைய டீசல் பிக்கப்பில் அன்னாசி, மிளகு இறக்குகிறேன். ஃபோர் வீல் விளக்கு எரிகிறது; சேற்றில் பின்சக்கரம் மட்டுமே சுற்றுகிறது. கியர் பாக்ஸைப் பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?
– வாசகர், சேந்தமங்கலம்

பதில்: வேண்டாம், பொறுங்கள். விளக்கு எரிந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் மாறிவிட்டது என்றுதான் அர்த்தம். முன்சக்கர ஹப் பூட்டியதா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் ரக வண்டிகளில் ஹப்பைப் பூட்டுவது வேக்குவம். டீசல் என்ஜினில் அதற்குத் தனி பம்ப். பிரேக் பூஸ்டருக்கும் அதேதான். பிரேக் பெடலும் கல்லாக இருந்தால் பம்பைப் பாருங்கள், அதுவும் இன்றைக்கே.

பெடல் நன்றாக இருக்கிறதா? சோலினாய்டிலிருந்து சக்கரத்துக்குப் போகும் மெல்லிய ஹோஸை முனையில் மடக்கிப் பாருங்கள். நம்மூர் வெயிலுக்கும் என்ஜின் சூட்டுக்கும் அங்கேதான் வெடிக்கும். அதுவும் சரியென்றால் சக்கரப் பக்கம் கழற்றி, கை வேக்குவம் பம்ப் வைத்து இழுங்கள். முள் இறங்கினால் சீலோ டயாஃப்ரமோ கசிகிறது. முள் நின்றும் பூட்டவில்லையென்றால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஆக்ஸில் ஷாஃப்டும் கூடவே சுற்றினால், பூட்டிவிட்டது.

நாமக்கல் பட்டறைகளில் ஏர் பிரேக் பார்த்துப் பழகிய கைகள் அதிகம். கம்ப்ரஸர் காற்றை ஹோஸில் அடிக்க விடாதீர்கள். இது உறிஞ்சும் வேலை, டயாஃப்ரம் கிழிந்துவிடும்.

சரியானதும் மண்ணில் ஓட்டிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளின் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட வேண்டாம்.