மீன் எண்ணெய்க் குளிசை காறிவிட்டதா? தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

கிண்ணியாவில் கருவாடு பழகியவர்களுக்குக் காறலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுத்த மீன் காய்ந்து நாளானால் மஞ்சள் பூக்கும், தொண்டையைக் கரகரக்க வைக்கும். மீன்கொழுப்பைக் காற்றின் ஒட்சிசன் தாக்கியதன் விளைவு அது. பாமசியில் வாங்கும் ஒமேகா-3 குளிசைக்குள்ளும் இதுவே நடக்கலாம். உறை மணத்தை அடைத்து வைப்பதால் நமக்குத் தெரிவதில்லை. உயர்தர இரசாயனவியல் ஆய்வுகூடம் இருந்தால் அளந்தே பார்த்துவிடலாம். ஆசிரியர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

1. குளிசைகளைப் பிரித்து வையுங்கள்

ஒரே தொகுதி இலக்கம் கொண்ட, வாசனை சேர்க்காத குளிசைகளை வாங்குங்கள். பாதியை முழுதாகவே விடுங்கள். மீதியை வெட்டி எண்ணெயைத் திறந்த முகவையில் ஊற்றுங்கள். இரண்டையும் 40 பாகை செல்சியஸில் இருட்டில் வையுங்கள். அதற்குமேல் சூடேற்றினால் ஜெலற்றின் உறை இளகி ஒட்டிக்கொள்ளும்.

2. நியமிப்பு

முதல் நாளும், பின் வாரம் ஒருமுறையும் செய்யுங்கள். குளிசையைச் சோதனைக்குச் சற்று முன்புதான் வெட்டவேண்டும். 5 கிராம் எண்ணெயில் அசற்றிக்கமிலமும் குளோரோபோமும் 3:2 அளவில் கலந்த கரைசல் 30 மில்லிலீற்றர் விடுங்கள். குளோரோபோம் நச்சு, ஆவியை வெளியே இழுக்கும் அலுமாரிக்குள் மட்டுமே திறக்கவும். நிரம்பிய பொற்றாசியம் அயடைட்டுக் கரைசல் 0.5 மில்லிலீற்றர் சேர்த்து ஒரு நிமிடம் குலுக்குங்கள். எண்ணெயிலுள்ள பேரொட்சைட்டு அயடீனை விடுவிக்கும். 30 மில்லிலீற்றர் நீரும் மாப்பொருள் கரைசலும் விட்டு, லீற்றருக்கு 0.01 மூல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேற்றால் நீலம் மறையும்வரை நியமியுங்கள். எண்ணெய் இல்லாமலும் ஒருமுறை செய்யுங்கள்.

3. கணக்கு

எண்ணெயுடன் 2.6, எண்ணெயின்றி 0.1 மில்லிலீற்றர் செலவானால் வித்தியாசம் 2.5. அதை 0.01 ஆலும் 1000 ஆலும் பெருக்கி 5 கிராமால் வகுத்தால் பேரொட்சைட்டு எண் 5. மீன் எண்ணெய்க்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2017இல் வகுத்த உச்ச எல்லையும் அதுவே.

4. குறைந்த எண்ணை நம்பிவிடாதீர்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பேரொட்சைட்டு ஏறிக்கொண்டே போகாது. உடைந்து அல்டிகைட்டுகளாக மாறும்போது எண் இறங்கிவிடும். நன்றாகக் காறிய எண்ணெயும் நல்லதுபோல் எண் காட்டும். அல்டிகைட்டை அளப்பது அனிசிடின் எண். அதற்கு நிறமாலைமானி வேண்டும், ஆகவே வசதியுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். பேரொட்சைட்டு எண்ணின் இருமடங்கோடு அனிசிடின் எண்ணைக் கூட்டினால் 26ஐத் தாண்டக்கூடாது.

5. வரைபு

முகவை எண்ணெய்க்கும் குளிசை எண்ணெய்க்கும் வாராவாரம் கிடைத்த பேரொட்சைட்டு எண்களை ஒரே தாளில் இரண்டு கோடுகளாக வரையுங்கள். முகவைக் கோடு ஏற, குளிசைக் கோடு தாழ்ந்தே கிடந்தால் உறை காக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் உறையால் பெரிய பயனில்லை. குளிசைக் கோடு திடீரென இறங்கும் வாரத்தில் ஒரு குளிசையை வெட்டி முகர்ந்து பாருங்கள்: பழைய கருவாட்டின் அதே நெடி.