வறட்சியும் குளத்து நீர்ப் பங்கீடும்

வைகாசி மாதத்தில் கொழும்பு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் குடையின்றி வெளியே செல்லத் தயங்குவர். அதே நாட்களில் வவுனியாவிலும் அனுராதபுரத்திலும் வானம் வெளுத்துக் கிடக்கும். நாடு ஒன்றே, வீசும் காற்றும் ஒன்றே. இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கமக்காரர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைநாட்டில் மோதி மேலெழும்புகிறது. மேலே குளிர்ந்து, மேற்குச் சரிவிலேயே மழையைப் பொழிந்துவிடுகிறது. மலையைக் கடந்து இறங்கும்போது ஈரமிழந்து வெப்பமேறுகிறது. மட்டக்களப்பார் கச்சான் எனச் சலித்துக்கொள்ளும் காற்று இதுவே. ஆகவே உலர் வலயம் ஐப்பசி முதல் தை வரையுள்ள மழையையே பெரிதும் நம்பியிருக்கிறது. அம்மழையே பெரும்போகத்தை விளைவிப்பது; சிறுபோகத்துக்கு வேண்டிய நீரைக் குளத்தில் சேர்ப்பதும் அதுவே. அது பொய்த்தால் இரு போகங்களும் கெடும்.

2016 ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வாறே நிகழ்ந்தது. சுமாத்திராவை அடுத்த கடல் வழமையிலும் வெப்பமேறியிருந்தமையால் மழைமேகங்கள் அப்பக்கமே திரண்டன. 2016 இல் ஏறக்குறைய 44 இலட்சம் மெற்றிக் தொன்னாயிருந்த நெல் விளைச்சல் 2017 இல் 24 இலட்சமாக வீழ்ந்தது. அவ்வாண்டு மே மாத இறுதியில் களுத்துறையும் இரத்தினபுரியும் வெள்ளத்தில் மூழ்கின. வடக்கிலும் கிழக்கிலுமோ வறட்சி நீங்கவில்லை. கொழும்புவாசிகள் அவ்வறட்சியை அரிசி விலையிலேதான் கண்டனர்.

நம் முன்னோர் ஒரு பள்ளத்தாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்களைக் கட்டினர். மேற்குளத்து வயலில் வடிந்த நீர் கீழ்க்குளத்தைச் சேரும். இவ்வமைப்பை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. எனினும் குளம் கட்டியதினும் நீரைப் பங்கிட்ட முறையே மேலானதென்பது எம் கருத்து. சிங்களக் கிராமங்களில் அதனைப் பெத்ம என்பர்.

ஒரு குளத்தின்கீழ் 60 ஏக்கர் வயல் உண்டெனக் கொள்வோம். இருக்கும் நீரோ 20 ஏக்கருக்கே போதும். அப்போது துருசுக்கு அண்மையிலுள்ள 20 ஏக்கரில் மட்டும் விதைப்பர். அந்நிலத்தை அதன் உடையவர்கள் மட்டும் செய்யாது, கடைவாய்க்கால் வயற்காரருக்கும் அப்போகத்துக்கு மட்டும் பகிர்ந்தளிப்பர். மூன்று ஏக்கர் உடையவருக்கு ஓர் ஏக்கர் கிடைக்கும். வாய்க்கால் குறுகுவதால் மண் குடிக்கும் நீரும் குறையும்.

இதிலும் பிணக்கு உண்டு. தாம் எருவிட்டுப் பண்படுத்திய நிலத்தை மற்றொருவர் உழுவதைக் காண எவருக்கும் மனம் பொறாது; குத்தகைக் காணியாயின் தகராறு இன்னும் பெரிது. ஆதலால் நிலம் உழுமுன்னரே, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், துருசடியில் நீர் எத்தனை அடி நிற்கிறதென அளந்து பங்கினை எழுதிக்கொள்க. நாற்று மேலெழுந்தபின் கூடும் கூட்டத்தால் வசைமொழியே மிஞ்சும். யாம் அத்தகைய கூட்டமொன்றில் நள்ளிரவுவரை அமர்ந்திருந்ததுண்டு.

விதைநெல்லிலும் கவனம் வேண்டும். பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தின் பீஜி 250 ஏறக்குறைய 80 நாளில் விளையும். மூன்றரை மாத நெல்லோடு ஒப்பிடின் 25 நாளைய நீர் மீதமாகும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல நீர் என்பது 22,600 கலன் என்பதை நினைவிற் கொள்க. நெல்லுக்கு அதுவும் போதாதாயின் பயறு, கௌபி, எள்ளு ஆகியவற்றை விதைக்கலாம். கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கிட்டு, மாலையில் நீர் இறைக்கவும்.