சனிக்கிழமைக் கூலியும் போதுமென்ற மனசும்

தங்கச்சி, ஏலக்காய் சீசன் வந்துவிட்டால் குரங்கணியிலும் சரி, போடியிலும் சரி, யாருக்கும் மனசு ஒரு நிலையில் நிற்பதில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததுமே பேச்சு இன்றைக்கு ஏலத்தில் என்ன விலை என்பதுதான். தோட்டமும் நம்முடையது இல்லை, காயும் நம்முடையது இல்லை. ஆனாலும் விலை ஏறினால் நமக்கே கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பு, இறங்கினால் ஜீப்பே இழவு வீடு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது உனக்கு நினைவிருக்கும். அடுத்த மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்ததும் நினைவிருக்கும். உச்ச விலையை நம்பிக் கடன் வாங்கினவர்கள் கதையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தை இந்த வாரம் ஒரு தடவை எடுத்துப் படி. மனுஷன் காவலில் இருந்து எழுதுகிறார். போதுமென்ற மனசு தனக்குப் பிறவியிலேயே வந்தது என்று அவர் பெருமை பேசவில்லை, பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். பட்டினியில் மட்டும் இல்லை, வயிறு நிறைந்திருந்த நாளிலும் அதைக் கற்கவேண்டியிருந்ததாம். கற்றுக்கொள்கிற விஷயம் என்றால் நமக்கும் வரும். அதற்கு வீட்டிலேயே பழகக்கூடிய சிலது சொல்கிறேன்.

முதலில் தவணை. ஆடி தொடங்கித் தை வரை கையில் காசு புழங்கும், கடைக்காரரும் மிக்ஸி, பீரோ, போன் என்று எதையும் தவணைக்குத் தருவார். நீ வாங்குவது ஐப்பசியில், கட்டவேண்டியது பங்குனியிலும் சித்திரையிலும். அப்போது மலையில் வேலை இருக்காது, குழுக் கடன்காரர் மட்டும் தவறாமல் வருவார். அதனால் சீசன் முடிவதற்குள் கட்டி முடியாத எதையும் தவணைக்கு எடுக்காதே. மன்னாவைப் பற்றி யாத்திராகமம் 16இல் வருகிறதே, அதை நம் ஆட்கள் பாதிதான் சொல்வார்கள். நாளைக்கென்று பதுக்கினது புழுத்துப்போனது உண்மை. ஆனால் ஓய்வுநாளைக்காக ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொன்னதும் அதே கர்த்தர்தான், அது புழுக்கவும் இல்லை. வேலையில்லாத கோடைக்குச் சேர்ப்பது அவிசுவாசம் இல்லை. சனிக்கிழமைக் கூலி கைக்கு வந்ததும் வீட்டுச் செலவுக்கு முன்னாலேயே ஒரு பங்கைப் போஸ்ட் ஆபீஸ் கணக்குக்கு ஒதுக்கிவிடு. மிஞ்சினதைச் சேர்க்கலாம் என்று இருந்தால் எந்த வாரமும் மிஞ்சாது.

அடுத்தது, அரிசி டின் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி வை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அதில் போடு. கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று நம் பாட்டிமார்கள் செய்ததுதான். தூரத்தில் மிசோரத்துச் சபைகளிலும் பெண்கள் இப்படி ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தே ஊழியத்தைத் தாங்கியிருக்கிறார்கள். இதில் கொடுப்பது மட்டும் விஷயம் இல்லை. எடுத்து வைத்த பிறகும் சோறு பற்றாமல் போவதில்லை என்று உன் கைக்கே தெரியும். எந்தப் பிரசங்கத்தைவிடவும் கைக்குத் தெரிந்தது நாள்பட நிற்கும்.

நகை பற்றி நான் வாய் திறந்தால் நீ கோபப்படுவாய். டோனாவூரில் ஏமி கார்மைக்கேலோடு சேர்ந்து ஊழியம் செய்த பொன்னம்மாள் தன் நகைகளைக் கழற்றிவிட்டார், அந்தக் காலத்தில் அது பெரிய பேச்சு. நீ கழற்று என்று நான் சொல்லவில்லை. அடுத்தவள் கழுத்தைப் பார்த்து அடகுக்கடை ஏறாதே, அவ்வளவுதான். எந்தப் பொருளும் நிலைக்காது என்பதற்கு நம் மலையே சாட்சி. நம் தலைக்கு மேலே டாப் ஸ்டேஷன் வரைக்கும் மூணாறிலிருந்து ரயிலே ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கின. 1908இல் ஓடத் தொடங்கிய அந்தச் சின்ன ரயில் பாதையை 1924 வெள்ளம் வாரிக்கொண்டு போனது. வெள்ளைக்காரக் கம்பெனி போட்ட இரும்புக்கே பதினாறு வருஷம்தான் ஆயுசு!

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பொருள் ஆசையைக் குறை என்று சொன்னால் மட்டும் அது குறையாது, அதைவிடப் பெரிதாக உன் கையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியவேண்டும். அது கர்த்தர் உனக்குக் கொடுத்த வரம். ரோமர் 12இல் பவுல் அந்த வரங்களை வரிசையாகச் சொல்கிறார். போதிப்பது, தேற்றிப் புத்தி சொல்வது, பகிர்ந்து கொடுப்பது, இரக்கம் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. போடி குடோனில் காயைத் தரம் பிரிப்பதைப் பார்த்திருக்கிறாய். சல்லடையை ஆட்டினால் எட்டு எம்.எம். காய் மேலே நிற்கும், பொடிசு கீழே விழும், வெடித்ததையும் வெளுத்ததையும் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கித் தள்ளுவார்கள். சபையில் வரங்களையும் நாம் இப்படித்தான் சலிக்கிறோம். மைக் பிடித்துப் பாடுகிறவளும் ஜெபிக்கிறவளும் மேல் தரம். நோயாளி வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிறவள் கீழே விழுந்த காய். இந்தச் சல்லடை பவுல் கொடுத்தது இல்லை. பலவீனமாகத் தெரிகிற அவயவம்தான் ரொம்பத் தேவை என்று கொரிந்தியருக்கு எழுதினவர் அவர்.

2018 மார்ச் 11இல் நம் மலையில் தீ பிடித்தபோது, மலையேற வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளை நம் ஊர்க்காரர்கள்தான் மேலே ஓடிப்போய்த் தூக்கி இறக்கினார்கள். இரக்கம் என்கிற வரத்தை அன்றைக்குக் குரங்கணி முழுக்கப் பார்த்தது. தூக்கினவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

உன் வரம் எது என்று தெரியாவிட்டால் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருக்காதே. அக்கம்பக்கத்துப் பெண்கள் எதற்காக உன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று ஒரு மாசம் கவனி. மனு எழுதித் தரச் சொல்லி வருகிறார்களா, புருஷன் பொண்டாட்டி சண்டையைத் தீர்க்கக் கூப்பிடுகிறார்களா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரியில் ஓடி வருகிறார்களா? உன் வரம் அங்கேதான் இருக்கும். பிறகு ஜெபத்தில், அதை இன்னும் கூடுதலாகக் கொடும் என்று வெட்கப்படாமல் கேள். பீரோ கேட்பதைவிட இதைக் கேட்பது நல்லது. அதைக் காசாக்க மட்டும் நினைக்காதே. சமாரியாவில் சீமோன் என்கிற மாயவித்தைக்காரன் பரிசுத்த ஆவியைக் கொடுக்கிற வரத்தை விலைக்குக் கேட்டுப் பேதுருவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அப்போஸ்தலர் 8இல் இருக்கிறது.

அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் எடுக்கிற அண்ணன்மாரைப் பார்த்து ஏங்காதே. கேட்கிறவர்கள் கேட்கட்டும், சபைக்கு வருமானம்தான். நீ வேண்டுமானால் இருபது ரூபாய்க்கு ஒரு கீரைக்கட்டு எடு.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் நான் தோட்ட முதலாளிக்கு வக்காலத்து வாங்கினதாக ஆகிவிடும். போதுமென்ற மனசு என்றால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வது இல்லை. வயலை அறுத்தவர்களுக்குப் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தன் கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில் பணக்காரர்களைத்தான் எச்சரிக்கிறார். வேலைக்குப் போன நாட்களைக் காலண்டரில் குறித்து வை. கங்காணி காசு கொடுத்ததும் அவர் முன்னாலேயே எண்ணு. குறைந்தால் அங்கேயே கேள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஜீப்பில் கூட வருகிற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேள்.