அடுப்பு இருவருக்கும் சொந்தம்
(குடும்ப நல வரிசை: கேஸ் அடுப்பைத் துடைத்துப் பேணும் முறை)



ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்ததை முதலில் சொல்லுகிறேன். மனைவி இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். கணவர் பயராபீஸ் வேலைக்குப் போகிறவர். மூத்த பிள்ளைக்குக் காலையில் பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்தார். பிள்ளை அழுதது, தூக்கப் போனார். பால் பொங்கி வழிந்து தீ அணைந்து போயிற்று. குமிழ் திறந்தபடியே கிடந்தது.

சற்று நேரத்தில் நாற்றம் வந்தது. "எலி கிலி செத்துக் கிடக்கோ?" என்று எண்ணி, அடுப்பங்கரை இருட்டில் தேடுவதற்காக சுவிட்சில் கை வைக்கப் போனார். அந்த நேரம் வாசலில் வந்த பக்கத்து வீட்டு அம்மா சத்தம் போட்டார்: "தம்பி, லைட்டத் தொட்றாதப்பா! பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வா!"

அந்தக் குரல் ஒரு நொடி பிந்தியிருந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த அந்தத் தாய் எந்த வீட்டுக்கு வந்திருப்பார்?

அந்தக் கணவர் பொறுப்பில்லாதவர் அல்ல. ஒருநாளும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். "அடுப்பு பொம்பளை வேலை" என்று ஒதுக்கிவிட்டோம். பிரசவ காலத்தில், காய்ச்சல் காலத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முடிந்து மனைவி ஓய்வில் இருக்கும் காலத்தில் அடுப்பு யார் கைக்கு வருகிறது? ஆகவே இந்தப் பாடத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டாலும் சரி.

கேஸ் என்பது என்ன?

நம் ஊர்ப் பெண்கள் பல காலம் விறகுப் புகையிலும் சீமைக்கருவேல முள்ளிலும் கண்ணைக் கசக்கியவர்கள். 2006க்குப் பிறகு தமிழ்நாடு அரசின் இலவச கேஸ் அடுப்புத் திட்டமும், 2016 மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வாலா திட்டமும் வந்தபின் ஏழை வீடுகளுக்கும் சிலிண்டர் வந்துவிட்டது. புகை குறைந்தால் தாய்க்கு இருமல் குறையும். குழந்தைக்கு நிமோனியா வரும் ஆபத்தும் குறையும். நல்ல பொருள்தான். ஆனால் அதன் குணம் தெரிந்து பழக வேண்டும்.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களை அழுத்தித் திரவமாக அடைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் அந்தத் திரவம் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். கேஸுக்கு இயற்கையில் மணமில்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். எனவே அந்த நாற்றம் உங்களுக்கு வரும் எச்சரிக்கை மணி. எலி செத்த நாற்றம் என்று எண்ணாதீர்கள்.

இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. புகை மேலே போகும். கேஸ் கீழே இறங்கித் தரையோடு தரையாகத் தண்ணீர் போலப் படரும். கட்டிலுக்கடியிலும், மூலையிலும், சாக்கடைக் குழியிலும் தேங்கும். காற்றில் 50 பங்கில் ஒரு பங்கு கேஸ் சேர்ந்துவிட்டாலே பற்றிக்கொள்ளும். பத்தடிக்குப் பத்தடி அடுப்பங்கரை முழுவதும் அந்த அளவு நிரம்ப, சுமார் ஒன்றேகால் கிலோ கேஸ் போதும். சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! தரையில் தேங்கி நின்றால் அதைவிடக் குறைவே போதும்.

சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது

1. கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டிப் பாருங்கள்.

2. கைப்பிடியைத் தாங்கும் தகட்டின் உட்புறம் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி என்றால் ஜூன் வரை. சி என்றால் செப்டம்பர் வரை. டி என்றால் டிசம்பர் வரை. "சி 27" என்று இருந்தால் 2027 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறு சோதனை செய்ய வேண்டும் என்று பொருள். தேதி கடந்ததை வாங்காதீர்கள்.

3. மூடியைத் திறந்து வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கசிவும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் உரிமை.

4. நூலோடு தொங்கும் மூடியைப் பிள்ளைகள் விளையாட விடாதீர்கள். கசிவு நேரத்தில் வால்வை அடைக்க அதுதான் உதவும்.

வைக்கும் இடம்

சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில், மேடைமேல் இருக்க வேண்டும். சிலிண்டரைப் பள்ளத்திலோ, காற்றுப் போகாத அலமாரியிலோ வைக்கக் கூடாது. கேஸ் தீரும் சமயம் சிலர் சிலிண்டரைச் சாய்ப்பார்கள், வெந்நீரில் வைப்பார்கள். இரண்டும் ஆபத்து. ஒரு வேளைச் சமையலுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?

ரப்பர் குழாய் ஐ.எஸ். 9573 முத்திரை உள்ளதாக, ஒன்றரை மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். இடையில் வெடிப்போ, எலி கடித்த தடமோ கண்டால் அன்றைக்கே மாற்றுங்கள். குழாய் மேல் துணி சுற்றி மறைத்தால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

வாரம் ஒருமுறை துடைக்கும் முறை

"தினமும் தொடச்சுத்தான் வைக்கேன் சார்" என்பார்கள் தாய்மார்கள். மேல்தட்டு கண்ணாடி மாதிரி இருக்கும். பர்னர் துவாரமோ பாதி அடைத்திருக்கும்! முறையாகச் செய்வது இப்படி:

முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்பு ஆறட்டும். பர்னர் தலையைக் கழற்றி, வெந்நீரில் சோப்போ புளித்தண்ணீரோ விட்டு அரை மணி ஊற வையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். அடைத்த துவாரத்தை ஊசியால் மெதுவாகத் திறங்கள், துவாரத்தைப் பெரிதாக்கிவிடாதீர்கள். கழுவி, வெயிலில் ஈரம் சொட்டில்லாமல் காய வைத்து, ஆடாமல் பொருத்துங்கள்.

அடுப்புக்கு உள்ளே இருக்கும் ஜெட்டையும் குமிழின் உட்பகுதியையும் நீங்கள் கழற்ற வேண்டாம். அது மெக்கானிக் வேலை. குழாயை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.

துடைத்து முடித்ததும் சோப்பு நுரையைக் குழாயின் இரு முனையிலும் ரெகுலேட்டரைச் சுற்றியும் தடவி, ரெகுலேட்டரைத் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

தீ நீலமாக எரிந்தால் அடுப்பு நலம். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால், கேஸ் சரியாக எரியவில்லை என்று அறியுங்கள்.

பற்ற வைக்கும்போது முதலில் லைட்டரைப் பர்னரிடம் கொண்டுபோய், பிறகு குமிழைத் திறங்கள். பற்றாவிட்டால் உடனே மூடி, சற்றுப் பொறுத்து மறுபடி செய்யுங்கள். இரவில் படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுவது யார் பொறுப்பு என்று இருவரும் பேசி வையுங்கள்.

குளியலறை கீசரும் கரிச்சட்டியும்

சிமென்ட் ஆலைப் பக்கமும் சிவகாசி பக்கமும் சில வீடுகளில் கேஸ் கீசர் வந்திருக்கிறது. மூடிய அறையில் அது எரிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் குறையும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். இதற்கு நிறமில்லை, நாற்றமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும். பிறகு நினைவு தப்பும். கர்ப்பிணியின் வயிற்றுச் சிசுவை இது இன்னும் கடுமையாகப் பாதிக்கும்.

கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கொண்டு துடையுங்கள். கீசர் இல்லாத வீட்டாருக்கும் இதில் பாடம் உண்டு. பிள்ளை பெற்ற தாயையும் சிசுவையும் கதவு ஜன்னல் சாத்திய அறையில் வைத்து, சாம்பிராணிக்குக் கரிக்கங்குச் சட்டி வைப்பது நம் வழக்கம். அதே விஷ வாயு அந்தச் சட்டியிலிருந்தும் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கங்கு வைத்தபடி தூங்காதீர்கள்.

பயராபீஸ் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

வேலை விட்டு வந்ததும் உடுப்பிலும் தலைமுடியிலும் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். அந்தக் கோலத்தில் அடுப்பருகே போகாதீர்கள். குளித்து, மாற்று உடுத்திய பிறகே அடுப்பு. வேலை உடுப்பைத் தனியே துவையுங்கள்.

வீட்டில் காகிதக் குழாய் உருட்டுவது வேறு. திரியும் மருந்தும் வீட்டுக்குள் வருவது வேறு. உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்வது சட்டப்படி குற்றம். காரணம் எளிது. விறகுத் தீயை ஈரச்சாக்கால் மூடினால் காற்றில்லாமல் அணையும். பட்டாசு மருந்திலோ வெடியுப்பே ஆக்சிஜனைத் தருகிறது, மூடினாலும் எரியும். கேஸ் அடுப்பும் அந்த மருந்தும் ஒரே கூரைக்கடியில் இருக்கவே கூடாது. கழிவுத் திரியை அடுப்பெரிக்கவும் கொண்டுவராதீர்கள்.

சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் நாள் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். உதவவும் பார்க்கவும் ஓடிப்போன ஊர்க்காரர்களும் அதில் உண்டு. மருந்து எரியும் இடத்தை நெருங்காதீர்கள். மற்றவரையும் தள்ளி நிறுத்துங்கள்.

கேஸ் நாற்றம் வந்தால்

சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. சாமி விளக்கு, ஊதுபத்தி, பீடியை அணையுங்கள். குமிழையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே அனுப்புங்கள். வெளியே தள்ளி நின்று 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தீப்பிடித்துவிட்டால் 101. சாமான் எடுக்க உள்ளே திரும்பாதீர்கள்.

உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். கனமான பருத்திப் போர்வையால் சுற்ற வேண்டும். தீப்புண்ணை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி 108ஐ அழையுங்கள்.

ஒருவரையொருவர் கேட்டுப் பார்க்க

1. நம் சிலிண்டரில் உள்ள எழுத்தும் எண்ணும் எவை?
2. ரப்பர் குழாய் எந்த ஆண்டு மாற்றியது?
3. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு ரெகுலேட்டரை மூடத் தெரியுமா? இருவருக்கும் தெரியுமா?

மூன்றாவது கேள்வியை இன்று இரவே செய்து பாருங்கள். முதலில் சொன்னேனே, அந்தக் கணவர் இப்போது எப்படி என்கிறீர்களா? மனைவி வீடு திரும்பிய நாளில் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, அவரே டீ போட்டுக் கொடுத்தார். உள்ளேயிருந்து மனைவி குரல் கேட்டது: "என்னங்க, ரெகுலேட்டர அமத்திட்டீகளா?"

"அப்பவே அமத்தியாச்சு" என்றார் அவர்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் நாள்தோறும் ஒலிக்கட்டும்.