பாதியில் கல்லூரி மாறியவர் ரெஸ்யூமேயில் எதை எழுதுவது?

கேள்வி: 2019-இல் கோவையில், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. சேர்ந்தேன். ஓராண்டு முடிந்ததும் குடும்பத்தோடு பெங்களூரு வந்து, மூன்றாம் செமஸ்டரிலிருந்து இங்குள்ள விடியு (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இணைப்புக் கல்லூரியில் படித்து 2023-இல் முடித்தேன். இரண்டு கல்லூரியையும் போட்டால் நிலையில்லாதவள் என்று நினைப்பார்களாம். பழையதை விட்டுவிடு என்கிறார்கள் சீனியர்கள். விடலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சீனியர்களின் அக்கறை புரிகிறது, அம்மா. கணக்குதான் உதைக்கிறது.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். கல்லூரி மாறுவது கறை அல்ல. பராக் ஒபாமாவே ஆக்சிடென்டல் கல்லூரியில் ஈராண்டு படித்துவிட்டு, 1981-இல் கொலம்பியாவுக்கு மாறி, 1983-இல் பட்டம் வாங்கியவர். நம் யுஜிசியும் 2021-இல் 'கிரெடிட் வங்கி' விதிகளைக் கொண்டுவந்தது. ஓரிடத்தில் படித்துச் சேர்த்த பாட மதிப்பெண் அலகுகளை இன்னோர் இடத்தில் கணக்கில் எடுத்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது.

எச்.ஆர். கண்ணில் உறுத்துவது மாறியது அல்ல, ஆண்டுகள் ஒட்டாமல் போவது. கோவையை விட்டுவிட்டால் உங்களுக்கு இரண்டே வழி. பெங்களூரு கல்லூரிக்கு எதிரே '2019–2023' என்று போடலாம், அது பொய். '2020–2023' என்று போடலாம். உண்மைதான், ஆனால் பிளஸ் டூ முடித்தது 2019 என்று அடுத்த வரியே சொல்லும். நடுவில் ஓராண்டு எங்கே போயிற்று? டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேரும் 'லேட்டரல் என்ட்ரி'காரரோ என்று பார்த்தால், அதுவும் இல்லை. படித்த ஓராண்டை நீங்களே சும்மா இருந்த ஓராண்டாக்கி விடுகிறீர்கள்!

முதல் வழி இன்னும் மோசம். வேலை கிடைத்த பின் 'பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்' வரும். நீங்கள் சொன்னதும் கல்லூரிப் பதிவேடும் பொருந்துகின்றனவா என்ற சோதனை. விடியு மாணவருக்கு யுஎஸ்என் என்ற பத்து எழுத்துப் பதிவெண் உண்டு. முதல் எழுத்து மண்டலம் (பெங்களூருவுக்கு 1), அடுத்த இரண்டு கல்லூரி, அதற்கடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, பிறகு துறை, வரிசை எண். உங்கள் எண்ணில் என்ன ஆண்டு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். சரிபார்ப்பவர் கட்டாயம் பார்ப்பார்.

ஆகவே ஒரே பதிவாக எழுதுங்கள். பட்டம் தந்த இடம் மேலே, மாறி வந்த இடம் கீழே சின்னதாக:

பி.இ., (துறை), (பெங்களூரு கல்லூரி), விடியு — 2020–2023
முதலாண்டு: (கோவைக் கல்லூரி), அண்ணா பல்கலைக்கழகம் — 2019–2020, மூன்றாம் செமஸ்டரில் மாற்றம்

காரணம் எழுத வேண்டாம். நேர்முகத்தில் கேட்டால் 'குடும்பம் இடம் மாறியது' என்ற ஒரு வாக்கியம் போதும். சிஜிபிஏ, அதாவது எல்லாப் பருவத்துக்குமான சராசரித் தரப்புள்ளி, விடியு அச்சிட்டுக் கொடுத்ததையே போடுங்கள். கோவை மதிப்பெண்ணை நீங்களாகச் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.

நாலைந்து வருட அனுபவம் சேர்ந்ததும் அந்த இரண்டாம் வரியை எடுத்துவிடலாம். அப்போது ஆண்டு வரம்பையும் எடுத்து, '2023' என்று பட்டம் பெற்ற ஆண்டை மட்டும் வையுங்கள். ரெஸ்யூமே உங்கள் தேர்வு. ஆனால் நிறுவனம் நீட்டும் சரிபார்ப்புப் படிவம் அப்படியல்ல. 'படித்த எல்லா நிறுவனங்களும்' என்று கேட்டால் கோவையையும் எழுதியே ஆக வேண்டும். அதற்காக அந்த இரண்டு செமஸ்டர் மார்க் ஷீட், டி.சி. நகல், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தரும் மைக்ரேஷன் சர்டிபிகேட் நகல் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.