பாட்டியாரின் தங்கக் கடிகாரம் என்ன விலை பெறும்?

தங்கத்தாலான பழைய பெண்கள் கைக்கடிகாரம் ஒன்று, பாட்டியாரிடமிருந்து பேத்தியின் கைக்கு வந்து சேர்ந்து, பணத்தேவையின் நிமித்தமாகவோ உபயோகமின்மை காரணமாகவோ ஒரு நாள் விற்பனைக்கு எடுக்கப்படும்போது, அதைப் பற்றிக் குடும்பத்தில் வழங்கிவந்த நம்பிக்கைகளும் கூடவே புறப்பட்டு வருகின்றன. அவற்றுள் சில, வீண் ஆசையை வளர்த்து ஏமாற்றத்தில் கொண்டு விடுகின்றன; வேறு சில, நல்லதொரு பொருளை அற்ப விலைக்குக் கைவிடச் செய்கின்றன. பின்னதே பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். ஆசை கலைந்தவருக்குப் பொருளாவது மிஞ்சும், உருக்கப்பட்ட கடிகாரமோ மீண்டு வராது.

பதினான்கு காரட் என்று பொறித்திருக்கிறது, ஆகையால் முழுவதும் தங்கமே என்பது அந்நம்பிக்கைகளுள் முதலாவது. பொறிப்பைப் பாதி படித்து நிறுத்துவதால் உண்டாகும் பிரமை இது. அமெரிக்கக் கூடுகளில் ‘14 கே’ என்பதை அடுத்து ‘ஜி.எஃப்.’ என்ற எழுத்துகள் இருக்குமானால், மட்ட உலோகத்தின்மேல் 14 காரட் தங்கத் தகடு இழைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நம்மவர் ரோல்டு கோல்டு என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது அது. இருபதில் ஒரு பங்கு என்ற பின்னமும் உடனிருந்தால், 10 கிராம் எடையுள்ள கூட்டில் அத்தகடு அரை கிராமே. அந்த அரை கிராமிலும் சுத்தத் தங்கம் ஏறத்தாழ 0.29 கிராம். ‘20 ஆண்டு’, ‘25 ஆண்டு’ உத்தரவாதம் என்று பொறித்த கூடுகளும் இவ்வினத்தவையே; முழுத் தங்கத்துக்கு எந்தத் தொழிற்சாலையும் தேய்மானக் கெடு விதிப்பதில்லை. ‘20 மைக்ரான்’ என்றிருந்தாலோ, மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனமுள்ள தங்கப் பூச்சு என்று அறிந்துகொள்ளலாம்.

மெய்யான சாட்சியம் பெரும்பாலும் பின்மூடியின் உட்புறத்தில் இருக்கும். பிரிட்டிஷ் கூடுகளில் 9 காரட்டுக்கு .375 என்ற எண்ணும், அதனருகே சோதனை நடந்த நகரத்தின் சின்னமும் (பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை), ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் காணப்படும். சுவிட்சர்லாந்தின் 18 காரட் கூட்டில் ஒரு பெண்ணின் தலையும், 14 காரட் கூட்டில் ஓர் அணிலும் 1995 வரை பொறிக்கப்பட்டு வந்தன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இல்லையே என்று கடைக்காரர் குறை சொன்னால் கலங்க வேண்டியதில்லை. 2021 ஜூன் 16 முதல் தங்க நகைகளுக்கு அம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டபோது கைக்கடிகாரங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த நம்பிக்கை தராசைச் சார்ந்தது. கடிகாரத்தை அப்படியே நிறுத்து அன்றைய தங்க விலையால் பெருக்கிவிட்டால் கணக்கு முடிந்தது என்று எண்ணுவோர் அநேகர். ஆனால் அந்த எடையில் பித்தளையும் எஃகும் கலந்த இயந்திரம் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, சில கூடுகளில் பின்மூடியே எஃகாக இருக்கிறது. இழுத்தால் விரியும் பட்டைகளில் மேல்தகடு தங்கமாயினும் உள்ளிருக்கும் சுருள்வில் வேறு உலோகமே. ‘மெட்டல் கோர்’ என்று பட்டையிலேயே அதை ஒப்புக்கொண்டு பொறித்திருப்பதும் உண்டு. இவையெல்லாம் நீங்கிய பிறகு 9 காரட் கூடும் பட்டையும் சேர்ந்து ஒரு பவுன், அதாவது 8 கிராம், நிற்பதாக வைத்துக்கொள்வோம்: அதிலுள்ள சுத்தத் தங்கம் 3 கிராம். நம் நாட்டு 22 காரட் நகையில் ஒரு பவுனுக்கு 7.33 கிராம் இருக்குமாகையால், வீட்டார் மனத்திலுள்ள பவுனும் கடிகாரத்தின் பவுனும் ஒன்றல்ல.

‘17 ஜூவல்ஸ்’ என்றிருப்பதால் உள்ளே பதினேழு ரத்தினங்கள் இருக்கின்றன என்பதும் ஒரு நம்பிக்கை. இருப்பவை உராய்வைக் குறைக்கும் செயற்கைக் கெம்புகள். வெர்னூய் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1902இல் அவற்றின் உற்பத்தி முறையை வெளியிட்டபின் அவற்றுக்கு ரத்தின விலை கிடையாது.

பழமையே விலை என்பதையும் ஏற்பதற்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெண்களுக்கான சிறு தங்கக் கடிகாரங்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. இக்காலத்தவர் பெரிய முகப்பை விரும்புவதாலும், சேகரிப்போரின் நாட்டம் பெரும்பாலும் ஆண்கள் கடிகாரத்தின்மேல் சென்றமையாலும், சாமானியப் பெயருள்ளவை தங்கத்தின் மதிப்பை ஒட்டியே விலைபோகின்றன. காப்பீட்டுக்காக எழுதப்பட்ட மதிப்புச் சீட்டைக் காட்டி அத்தொகையை எதிர்பார்ப்பதும் வீண். அது புதிதாக ஒன்று வாங்க ஆகும் செலவு, வியாபாரி தரும் விலை அன்று.

விற்குமுன் பளபளவென்று மெருகேற்றி, மங்கிய முகப்புக்குப் புது வர்ணமும் பூசினால் விலை உயரும் என்ற நம்பிக்கை எனக்கு மெய்யாகவே வருத்தம் தருவது. மெருகேற்றும் சக்கரம் கூட்டின் விளிம்புகளை மழுங்கடித்து, முத்திரைகளைத் தேய்த்து, தங்கத்தையும் சிறிது கொண்டுபோகிறது. திரும்ப எழுதிய முகப்போ, தேர்ந்தவர் கண்ணுக்கு உடனே புலப்பட்டு, மற்றப் பாகங்களின்மேலும் சந்தேகத்தை உண்டாக்குகிறது. காலத்தால் பழுப்பேறிய அசல் முகப்புக்கே அவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

இனி, இவை யாவற்றையும் கேட்டு மனம் சோர்ந்தவர், “தங்க விலைதான் கிடைக்குமென்றால் உருக்கிவிடலாமே” என்று துணிவது கடைசி நம்பிக்கை. எல்லாவற்றிலும் அபாயமானது அதுவே. தங்கத்தின் மதிப்பு அடித்தளமேயொழிய உச்சவரம்பு அன்று. ஜேஜர் லெகூல்த்ர் 1929இல் செய்த 101 என்ற இயந்திரம் ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ளது. இரண்டாம் எலிசபெத் 1953இல் முடிசூடியபோது அணிந்திருந்தது அவ்வியந்திரம் கொண்ட கடிகாரத்தையே. தராசுக்கு அது ஒன்றுமில்லை. அறிந்தவருக்கோ அபூர்வ வஸ்து. மாலகைட், லாபிஸ் முதலிய கற்களைச் சீவி முகப்பாக்கிய 1960களின் பியாஜே கடிகாரங்களைக் கண்டு வெறும் பச்சை, நீல வர்ணம் என்று கருதுவோரும் இருக்கக்கூடும். படேக் ஃபிலிப், வஷெரான் கான்ஸ்டன்டின், கார்ட்டியே போன்ற பெயர்கள் முகப்பில் மட்டுமன்றி இயந்திரத்திலும் கூட்டினுள்ளும் ஒத்திருந்தால், தங்கத்தின் மதிப்பைக் காட்டிலும் பன்மடங்கு கிடைக்க இடமுண்டு. முகப்பை மாற்றிவிடுவது எளிதாகையால், அதிலுள்ள பெயர் மட்டும் சாட்சியாகாது. படேக் ஃபிலிப் நிறுவனம் தன் பழைய பதிவேடுகளிலிருந்து, எண்ணைக்கொண்டு அத்தாட்சிப் பிரதியும் வழங்குகிறது.

ஆகையால் நகைக்கடைக்குப் போகுமுன் அனுபவமுள்ள கடிகாரத் தொழிலாளியிடம் செல்லுங்கள். பின்மூடி உங்கள் எதிரிலேயே திறக்கப்பட்டு, உள்ளிருக்கும் பெயரும் எண்ணும் முத்திரையும் படமெடுக்கப்படும்வரை, எவ்வளவு நல்ல விலை பேசப்பட்டாலும், இயந்திரத்தைக் கூட்டிலிருந்து பிரிக்கச் சம்மதியாதீர்கள்.